கடலில் மூழ்கிய கருவியும் ஏட்டில் வாழ்ந்த கருவியும்

ஹிஜ்ரி ஆண்டுக்கு நாள்கள் எத்தனை என்று நம் இல்லத்துப் பிள்ளைகளைக் கேட்டால், 354 என்று தயங்காமல் சொல்லிவிடுவர். சில ஆண்டுகளில் ஒருநாள் மிகுந்து 355 ஆகும் என்பதையும் அவர்களுள் விவரமறிந்தோர் சேர்த்துச் சொல்வர். பிறையோடு பிணைந்த வாழ்வு நம்முடையது. ஆதலால் இவ்வெண் நமக்குப் புதியதன்று.

ஆனால், இதே எண் 2024ஆம் ஆண்டில் அறிவியல் உலகில் ஒரு செய்தியாயிற்று. ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பௌதிக அறிஞர் இருவர், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்திய வெண்கல வளையம் ஒன்றின் உடைந்த துண்டை ஆராய்ந்தனர். அதன் முழு வட்டத்தில் முன்னர் எத்தனை துளைகள் இருந்திருக்கும் என்று கணித்து, 354 அல்லது 355 என்னும் விடையை வெளியிட்டனர். அந்த வளையம் யாது? அதில் துளையிட்டவர் யார்? அதற்கும் நம் முன்னோர் வளர்த்த வானநூலுக்கும் உறவு உண்டா? இவற்றை ஈண்டுச் சற்று விரிவாக நோக்குவோம்.

கடலடியில் கிடைத்த செப்புப் பாளம்

கிரேக்க நாட்டின் தென்கோடியில், பெலப்பொனேசுக்கும் கிரீட் தீவுக்கும் இடையே, ஆன்டிகிதீரா என்றொரு சிறு தீவு உண்டு. 1900ஆம் ஆண்டின் இளவேனிற் காலத்தில், சீமி என்னும் தீவைச் சேர்ந்த கடற்பஞ்சு எடுப்போர் சிலர் புயலுக்கு அஞ்சி அத்தீவின் கரையோரம் ஒதுங்கினர். காற்று தணிந்ததும் அவர்களுள் ஒருவர் நீரில் மூழ்கினார். ஏறத்தாழ 45 மீட்டர் ஆழத்தில் மனித உடல்களும் குதிரைகளும் குவிந்து கிடப்பதாகக் கண்டு, அச்சத்தோடு மேலே வந்தார். உண்மையில் அவை பிணங்கள் அல்ல. மூழ்கிப்போன பண்டைய மரக்கலம் ஒன்றில் ஏற்றப்பட்டிருந்த சிலைகளே அவை.

கிரேக்க அரசு கப்பல் அனுப்பி உதவ, 1901ஆம் ஆண்டு வரை பொருள்கள் எடுக்கப்பட்டன. அப்பணியில் ஒருவர் உயிர் துறந்தார், இருவர் முடமாயினர். வெண்கலச் சிலைகளும் பளிங்குச் சிலைகளும் கண்ணாடிக் கலங்களும் ஏதென்ஸ் நகரத்து அருங்காட்சியகத்தை அடைந்தன. அவற்றினிடையே பச்சைக் களிம்பேறிய செப்புப் பாளம் ஒன்றும் இருந்தது. எவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1902ஆம் ஆண்டு மே மாதத்தில், வலேரியோஸ் ஸ்டாயிஸ் என்னும் தொல்பொருள் ஆய்வாளர் அந்தப் பாளத்தினுள் பற்சக்கரம் ஒன்று பதிந்திருப்பதைக் கண்டார்.

அன்றைய அறிஞர் பலர் இதனை ஏற்கத் தயங்கினர். நுண்ணிய பற்களைக் கொண்ட சக்கரங்கள், மணிப்பொறிகள் தோன்றிய பிற்கால ஐரோப்பாவுக்கே உரியவை என்பது அவர்தம் எண்ணம். கி.மு. முதல் நூற்றாண்டில் மூழ்கிய கப்பலில் அத்தகைய கருவி எவ்வாறு இருத்தல் கூடும்? இவ்வினாவே அரை நூற்றாண்டுக் காலம் ஆய்வைத் தடுத்து நிறுத்திற்று எனலாம்.

டெரிக் டி சோல்லா பிரைஸ் என்னும் அறிஞர் 1959ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில், இதனைப் பண்டைய கிரேக்கக் கணிப்பொறி என்றே அழைத்தார். 1971ஆம் ஆண்டில் காமாக் கதிர்களைச் செலுத்திப் படங்கள் எடுக்கப்பட்டன. 2005ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து எட்டு டன் எடையுள்ள ஊடுகதிர்ப் பொறியொன்று ஏதென்சுக்கே கொண்டுவரப்பட்டது. கருவி நொறுங்கிவிடும் நிலையில் இருந்தமையால், கருவியைப் பொறியிடம் அனுப்பாது பொறியைக் கருவியிடம் வரவழைத்தனர்! ஒன்றன்மேல் ஒன்றாய் ஒட்டிக் கிடந்த சக்கரங்களும், களிம்புக்குள் மறைந்திருந்த எழுத்துகள் பலவும் அதன் வாயிலாகத் தெளிவாக வெளிப்பட்டன.

கைப்பிடியில் சுழன்ற வானம்

இன்று எஞ்சியிருப்பவை 82 துண்டுகளும் அவற்றிலுள்ள 30 பற்சக்கரங்களும் ஆகும். பெரியதோர் அகராதி நூலின் அளவே இருந்த மரப்பெட்டிக்குள் இச்சக்கரங்கள் அடங்கியிருந்தன. பக்கத்திலிருந்த கைப்பிடியைத் திருப்பினால், முன்முகத்தில் கதிரவனும் திங்களும் இராசி மண்டலத்தில் நிற்கும் இடத்தை முட்கள் காட்டும். பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமான சிறு குண்டு ஒன்று சுழன்று பிறையின் வளர்வையும் தேய்வையும் காட்டும்.

பின்முகத்தில் இரு சுருள் வட்டங்கள் உண்டு. மேலுள்ளது 235 அறைகளைக் கொண்டது. 19 கதிரவ ஆண்டுகளும் 235 திங்கள் மாதங்களும் ஏறக்குறைய ஒரே கால அளவின என்னும் கணக்கு அதில் அடங்கியுள்ளது. கீழுள்ளது 223 அறைகளைக் கொண்டது. 223 மாதங்களுக்கு ஒருமுறை கிரகணங்கள் முன்போன்றே மீண்டும் வரும் என்று பாபிலோன் நாட்டார் கண்ட உண்மையைக் காட்டுவது அது.

வியப்பு இத்துடன் நிற்கவில்லை. திங்கள் வானில் எப்போதும் ஒரே வேகத்தில் செல்வதில்லை. சில நாள்களில் விரைந்தும் சில நாள்களில் மெல்லவும் செல்கின்றது. இதனைக் காட்ட, ஒரு சக்கரத்தில் சிறு முளையையும், அதன்மேல் அமைந்த சக்கரத்தில் நீண்ட பள்ளத்தையும் அமைத்தனர். முளை பள்ளத்தில் பொருந்தியது. அவ்விரு சக்கரங்களின் மையங்களோ ஒரு மில்லிமீட்டரினும் சற்றே மிகுதியாக விலகியிருந்தன. அந்தச் சிறு விலகலே திங்களின் வேக மாற்றத்தைத் தோற்றுவித்தது.

துளைகள் சொன்ன எண்

இனி, நாம் தொடங்கிய வளையத்துக்கு வருவோம். முன்முகத்தில் இராசி வட்டத்தைச் சுற்றி நாள்காட்டி வளையம் ஒன்று இருந்தது. அதன் அடியில் நாளுக்கொன்றாகத் துளைகள் இடப்பட்டிருந்தன. வளையத்தில் இன்றுள்ளது கால்பங்கு அளவே. அதுவும் உடைந்து, துண்டுகள் இடம் பெயர்ந்து நிற்கின்றன. வளையத்தில் எகிப்திய மாதங்களின் பெயர்கள் கிரேக்க எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. எகிப்தியர் ஆண்டு 365 நாள்களைக் கொண்டது. ஆகவே துளைகளும் 365 ஆகவே இருத்தல் வேண்டும் என்று நெடுங்காலம் கருதப்பட்டது.

இக்கருவியைத் தம் கைப்படவே மீண்டும் செய்துவந்த ஆஸ்திரேலியக் கைவினைஞர் கிறிஸ் பூடிசெலிக் என்பாரும் அவர்தம் தோழரும் 2020ஆம் ஆண்டில் துளைகளை அளந்து, அந்த எண் பொருந்தவில்லை என்று எழுதினர். அவ்வளவுகளைக் கண்ட கிளாஸ்கோ பேராசிரியர் கிரகாம் வோனும் ஆய்வாளர் ஜோசப் பேலியும் நிகழ்தகவுக் கணிதத்தைக் கையாண்டனர். இவர்கள் தொல்பொருள் அறிஞர்கள் அல்லர். தொலைவிலுள்ள கருந்துளைகள் மோதும்போது எழும் ஈர்ப்பலைகளை ஆராய்பவர்கள். பேரிரைச்சலுக்கிடையே நலிந்த ஒலியைப் பிரித்தறிவதற்கு வகுத்த கணக்கு முறைகளையே இத்துளைகளுக்கும் அவர்கள் பயன்படுத்தினர். 354 அல்லது 355 என்பதே மிகப் பொருந்தும் என்பதும், 360 என்னும் எண்ணைவிட 354 நூற்றுக்கணக்கான மடங்கு ஏற்புடையது என்பதும் அவர்தம் முடிவு. துளைகளின் இடைவெளியில் காணும் பிசகு சராசரியாக 0.028 மில்லிமீட்டர் அளவே என்றும் அவர்கள் கணித்தனர். உளியும் அரமும் கொண்டு கையால் செய்த வேலை இது!

எழுத்து 365 என்கின்றது; துளை 354 என்கின்றது. அறிஞர் எல்லாரும் இம்முடிவை ஏற்றுக்கொண்டனர் என்று சொல்வதற்கில்லை. 2025ஆம் ஆண்டில் அர்ஜென்டினா நாட்டு ஆய்வாளர் இருவர் பிறிதொரு வினாவை எழுப்பினர். துண்டுகளில் இன்று அளந்தறியப்படும் பிழைகள் கருவியைச் செய்தபோதே இருந்தனவாயின், சக்கரங்கள் சிக்கிக்கொண்டு கருவி ஓடாமல் நின்றிருக்கும் என்று கணிப்பொறி வாயிலாகக் காட்டினர். அப்பிழைகள் ஈராயிரம் ஆண்டுக் கடலரிப்பினால் நேர்ந்தனவாகவும் இருக்கலாம். 120 ஆண்டுகளுக்கு மேலாக ஆய்ந்தும், ஊடுகதிரும் கணிப்பொறியும் துணை நின்றும், பேச்சு இன்னும் முடியவில்லை. ஏன்? இக்கருவியைச் செய்தவர் அதன் அமைப்பை விளக்கி எழுதிய நூல் எதுவும் நம் கைக்குக் கிடைக்கவில்லை. ஆர்க்கிமிடீஸ், பொசிடோனியஸ் ஆகியோர் இத்தகைய கருவிகளைச் செய்தனர் என்று ரோம நாட்டுச் சிசரோ எழுதியுள்ளார். ஆயினும் எந்தச் சக்கரத்துக்கு எத்தனை பற்கள் என்பதை அவர் சொல்லவில்லை.

அல்பீரூனியின் ‘திங்கட் பேழை’

இவ்விடத்தில்தான் நம் வரலாறு வந்து சேர்கின்றது. ஹிஜ்ரி 362இல், அதாவது கி.பி. 973இல், குவாரிஸ்ம் நாட்டில் பிறந்தவர் அபூ ரைஹான் அல்பீரூனி. வடமொழி பயின்று இந்திய நாட்டின் கல்விகளை ஆராய்ந்து நூல் எழுதிய அதே பேரறிஞர்தாம். உஸ்துர்லாபைச் செய்யும் முறைகளைப் பற்றி அவர் எழுதிய அரபி நூலில், ‘ஹுக்குல் கமர்’ என்னும் கருவியொன்றை விவரிக்கின்றார். திங்கட் பேழை என்று அதனைத் தமிழில் சொல்லலாம். அதில் எட்டுப் பற்சக்கரங்கள். அவற்றின் பற்கள் முறையே 7, 10, 19, 24, 40, 48, 59, 59 என்று எண்ணிக்கையோடு எழுதிவைத்துள்ளார்.

கணக்கில் ஆர்வமுள்ள நம் பிள்ளைகள் ஒரு தாளும் எழுதுகோலும் எடுத்துச் சரிபார்த்துக்கொள்ளும் வண்ணம் அதனை விளக்குவோம். முதல் அச்சு வாரத்துக்கு ஒருமுறை சுழலும். அதில் 7 பற்களையும் 10 பற்களையும் கொண்ட இரு சக்கரங்கள் உள்ளன. 7 பற்களைக் கொண்டது நாளுக்கு ஒரு பல் வீதம் நகர்ந்து, 59 பற்களைக் கொண்ட சக்கரத்தைத் தள்ளும். அச்சக்கரம் 59 நாளில் ஒரு சுற்றுச் சுற்றும். ஒரு மாதம் 29, மறு மாதம் 30, கூட்டினால் 59. ஆகவே ஒரு சுற்றில் இரு மாதங்கள் அடங்கும். அத்துடன் இணைந்த வட்டத் தகட்டை ஒரு சாளரத்தின் வழியே நோக்கினால், பிறை வளர்வதும் தேய்வதும் தெரியும்.

அதே அச்சிலுள்ள 19 பற்களைக் கொண்ட சக்கரம் மற்றொரு 59ஐச் சுழற்றும். அதனோடு இணைந்த 24 பற்களைக் கொண்ட சக்கரம் 48ஐச் சுழற்றும். 59ஐ 59ஆல் பெருக்கி, 19ஆல் வகுத்து, இரண்டால் பெருக்கினால் ஏறத்தாழ 366.4 வரும். கதிரவன் இராசி மண்டலத்தைச் சுற்றிவரும் நாள்களை இவ்வாறு காட்டினர். முதல் அச்சிலுள்ள 10 பற்களைக் கொண்ட சக்கரம் 40ஐச் சுழற்ற, நான்கு வாரங்களில் திங்கள் இராசி மண்டலத்தைச் சுற்றிவரும்.

இவ்வெண்கள் துல்லியமானவை அல்ல என்பது வெளிப்படை. கதிரவ ஆண்டு 365 நாளும் கால் நாளுக்குச் சற்றுக் குறைவும் ஆகும். திங்கள் இராசி மண்டலத்தைச் சுற்ற ஆவது 27 நாளும் மூன்றிலொரு பங்கும். அல்பீரூனி வானநூலில் எத்துணை நுண்மை மிக்கவர் என்பதற்கு ‘கானூனுல் மஸ்ஊதீ’ என்னும் அவரது பெருநூலே சான்று. ஆயினும், எட்டே சக்கரங்களுக்குள் அடங்கும் எளிய கருவிக்கு இது போதும். அவ்வப்போது கையால் திருத்திக்கொள்ளலாம்.

மாதக் கணக்கில் நேரும் பிசகைப் பாருங்கள். இக்கருவியின்படி பன்னிரு மாதங்களுக்கு நாள்கள் 354. உண்மையிலோ, 354 நாள்களும் ஏறத்தாழ முப்பதில் பதினொரு பங்கும் ஆகும். முப்பது ஆண்டுகளில் 11 நாள்கள் குறைந்துவிடும். ஹிஜ்ரி கணக்கு அட்டவணைகளில் முப்பது ஆண்டுகளுள் 11 ஆண்டுகளுக்கு 355 நாள்கள் தரப்படுவது அந்தக் குறையை நிறைவு செய்வதற்கே. கிளாஸ்கோ அறிஞர்கள் கண்ட ‘354 அல்லது 355’ என்பதன் பொருள் இப்போது நமக்கு நன்கு விளங்கும். எந்த நாட்டவராயினும், எந்தக் காலத்தவராயினும், பன்னிரு பிறைகளை எண்ணுவோர் இவ்விரு எண்களுக்கு இடையிலேயே நிற்பர்.

கிரேக்கர் பத்தொன்பது ஆண்டுகளில் ஏழு மாதங்களை மிகுதியாகச் சேர்த்துத் திங்கள் கணக்கைக் கதிரவ ஆண்டோடு பொருத்தினர். மாதங்களை இவ்வாறு முன்பின் ஆக்கும் ‘நஸீஉ’ என்னும் வழக்கம் பண்டை அரபிகளிடையேயும் இருந்தது. திருக்குர்ஆனின் தவ்பா அத்தியாயம் மாதங்கள் பன்னிரண்டே என்று அறுதியிட்டு அதனைக் களைந்தது. ஆகவேதான் நம் ரமலான் கோடையிலும் மாரியிலும் மாறி மாறி வருகின்றது. கருவி காட்டுவது சராசரிக் கணக்கு. கண் காண்பது மேற்கு வானத்துப் பிறை. இரண்டும் வெவ்வேறு என்பதை மனத்திற் கொண்டால், ஆண்டுதோறும் நம் ஊர்களில் எழும் விவாதங்களிலும் சொற்கள் சற்றே மென்மையாகும்.

அறுந்த சங்கிலியின் கண்ணிகள்

கிரேக்கக் கருவிக்கும் அல்பீரூனிக்கும் இடையே ஆயிரம் ஆண்டு இடைவெளி. அவ்விடைவெளியில் ஒரு கண்ணி 1983ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் பைசாந்திய நாட்டுக் கதிரவக் கடிகையொன்றின் துண்டுகளை அவ்வாண்டில் பெற்றது. அது கி.பி. ஆறாம் நூற்றாண்டை ஒட்டியது. அதில் எஞ்சியிருந்த சக்கரங்களின் பற்கள் 59, 19, 10, 7. அல்பீரூனி எழுதிவைத்த எண்களே இவை! அழிந்துபோன மற்றச் சக்கரங்கள் எவ்வாறு அமைந்திருக்கும் என்பதை ஊகிக்க, அல்பீரூனியின் அரபி நூலே ஆய்வாளர்க்குத் துணையாயிற்று.

மறுபுறத்துக் கண்ணி இஸ்ஃபஹானைச் சேர்ந்தது. முஹம்மது இப்னு அபீபக்ர் என்னும் கைவினைஞர் ஹிஜ்ரி 618இல், அதாவது கி.பி. 1221–22இல் செய்த உஸ்துர்லாப் ஒன்று இன்று ஆக்ஸ்ஃபோர்டு நகரத்து அறிவியல் வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் முதுகுப்புறத்தினுள் பற்சக்கரங்கள் அமைந்து, பிறையின் நிலையையும் அதன் வயதையும் காட்டுகின்றன. முழுமையாக எஞ்சியுள்ள பற்சக்கரக் கருவிகளுள் உலகிலேயே பழமையானது இதுவே.

1985ஆம் ஆண்டில் டொனால்ட் ஹில் என்னும் ஆங்கிலேயர் அல்பீரூனியின் கருவியைப் பற்றி விரிவான ஆய்வொன்றை வெளியிட்டார். பொறியாளராகப் பணியாற்றி, அரபி பயின்று, அல்ஜஸரியின் பொறிநூலையும் மூஸாவின் மைந்தர்கள் எழுதிய ‘கிதாபுல் ஹியல்’ நூலையும் மொழிபெயர்த்தவர் இவர். அல்பீரூனியின் கருவியை அறிந்துகொள்ள அவருக்கு ஊடுகதிர்ப் பொறி தேவைப்படவில்லை. கடலில் மூழ்க வேண்டியதும் இல்லை. அரபி மொழியறிவும் பொறியறிவும் ஏடுமே போதுமானவையாயின.

நாம் கொள்ள வேண்டிய பாடம்

இத்தகைய செய்திகளைக் கேட்கும்போது நம்மவரிடையே இருவகை மனநிலை தோன்றுவதுண்டு. எல்லாம் நம் முன்னோர் கண்டவையே என்று பெருமை பேசி அமைவது ஒன்று; இவையெல்லாம் பிறர்க்கு உரியவை, நமக்கு இவற்றால் ஆவதென்ன என்று ஒதுங்குவது மற்றொன்று. இரண்டும் முறையல்ல. கிரேக்கர் செய்ததைக் கிரேக்கர் செய்தது என்றே சொல்வோம். அல்பீரூனிக்கு முன் பைசாந்தியர் இதனை அறிந்திருந்தனர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்தே ‘அல்காரிதம்’ என்னும் கணிப்பொறிச் சொல் பிறந்தது என்பது மெய்; அந்த மெய்யே நமக்குப் போதும். அதனை ஊதிப் பெருக்குதல் அம்மேதைக்குச் செய்யும் சிறப்பாகாது.

முன்னோரின் உண்மையான சிறப்பு வேறோர் இடத்தில் உள்ளது. அவர்கள் பெற்றதை எழுதிவைத்தனர். எத்தனை சக்கரம், எத்தனை பல், எதனோடு எது பொருந்தும் என்று, பின்வருவோர் செய்துபார்க்கும் வண்ணம் எழுதினர். கிரேக்கரின் கருவி கடலில் கிடந்து ஊமையாயிற்று. அல்பீரூனி கையாண்ட வெண்கலம் எங்கே போயிற்றோ, அவரது ஏடு இன்றும் பேசுகின்றது.

அரபுக் கல்லூரிகளின் ‘தர்ஸே நிஜாமி’ பாடத்திட்டத்தில் ‘ஷர்ஹு சக்மீனி’ போன்ற வானநூல்களுக்கு இடமிருந்தது. உலூக் பேக் மன்னரின் சமர்கந்தில் வாழ்ந்த காழீஸாதா ரூமி எழுதிய விளக்கவுரை அது. இன்று அதனைத் தொடுவார் அரிது. பழைய நூலையே மீண்டும் ஓத வேண்டும் என்பதில்லை. அந்த இடத்தில் இன்றைய வானியலையும் கணிதத்தையும் வைத்து, அரபியும் அறிந்து அறிவியலும் அறிந்த மாணவரை உருவாக்கினால், டொனால்ட் ஹில் செய்த பணியை நம் பிள்ளைகளும் செய்வர்.

அதனினும் எளிய கடமை ஒன்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் உண்டு. நம் கடற்கரை ஊர்களிலும் உள்நாட்டு ஊர்களிலும் பழைய வீடுகளின் பரண்களில், பெட்டகங்களில், அரபியிலும் அரபுத் தமிழிலும் எழுதிய கையேடுகள் இன்னும் கிடக்கின்றன. மார்க்க நூல்களும் மருத்துவக் குறிப்புகளும் நாள் பார்க்கும் கணக்குகளும் அவற்றுள் அடங்கும். வீட்டை இடித்துக் கட்டும்போது, படிக்கத் தெரியவில்லை என்பதற்காக அவற்றைக் கடலிலும் ஆற்றிலும் விட்டுவிடுகின்றோம். திருவசனங்கள் இருக்கக்கூடும் என்னும் கண்ணியத்தினால் அவ்வாறு செய்கின்றோம், நோக்கம் நல்லதே. ஆனால் நீரில் விடுமுன் ஓர் ஆலிமிடமோ, அரபுத் தமிழ் படிக்க வல்ல பெரியவரிடமோ காட்டுங்கள். கைப்பேசி இல்லாத வீடு இன்று ஏது? பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைக்கவேனும் செய்யுங்கள்.

நாம் நீரில் விடும் ஏடு கரைந்துவிடும். எந்த ஊடுகதிரும் அதனை மீட்டுத் தராது. அதில் இருந்தது ஒரு பாட்டனாரின் கணக்குக் குறிப்பாயினும், அறிஞர் ஒருவரின் அரிய ஆக்கமாயினும், அதனை அறியும் வாய்ப்பு நம் பேரப் பிள்ளைகளுக்கு இல்லாமற் போகும். வரும் விடுமுறை நாளிலேனும் பரணில் ஏறிப் பார்ப்போமாக.